சத்தம் போட்டால் அவுட்

2012 கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சமாளிப்பது பாளையங்கோட்டைப் பெரியவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. சென்னையை விட்டு வெளியே வந்தால் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு வாட்டிய வருடம் அது. டி.வி. ஓடாது, ஃபேன் சுற்றாது. இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளிலும் அது சார்ஜ் ஏறி முடிப்பதற்குள் அடுத்த கட் வந்து நிற்கும். இருட்டியதும் வீட்டின் முன்கூடமான தார்சாவில் ஒரு எமர்ஜென்சி விளக்கை வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஓலை விசிறியோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி உட்கார்ந்த வீடுகளில் ஒன்று, மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்திய ஓர் ஆசிரியையின் வீடு. அண்ணன் பிள்ளைகள் மூவருக்கும் அவர் அத்தை. சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை மகனுக்குப் பெரியம்மா. எதிர்வீட்டுப் பையனுக்கு டீச்சர். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது என்பதால் இங்கேயும் அவர் டீச்சராகவே இருக்கட்டும்.

முதலில் அங்கே நடந்தது சினிமாப் பெயர் டம் ஷராட்ஸ்தான். கையைச் சுழற்றினால் படம், விரலை நீட்டினால் அத்தனை வார்த்தை, காதைப் பிடித்தால் அதே ஓசையில் வேறொரு வார்த்தை. பன்னிரண்டு வயது மூத்தவளும் ஒன்பது வயது சென்னைப் பையனும் மட்டுமே மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழு வயதுக்காரிக்குப் படப்பெயர்கள் அதிகம் தெரியாது. நாலு வயதுக்காரன் தனக்குத் தெரிந்த ஒரே படத்தின் பெயரை ஒவ்வொரு முறையும் விடையாகக் கத்தினான். எதிர்வீட்டுப் பையன் வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. எம்.ஜி.ஆர். கோட்டைக்குப் போன பிறகு வந்த படங்களைப் பிள்ளைகளின் பாட்டியான ஆச்சி கணக்கில் சேர்ப்பதில்லை. இது சரிப்படாது என்று டீச்சர் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்து, பின்பக்கம் விலங்குகள், பறவைகளின் பெயர்களை எழுதி மடித்து, முறுக்கு தீர்ந்துபோயிருந்த சம்படத்தில் போட்டுக் குலுக்கினார். ஒரே ஒரு விதி: சத்தம் போட்டால் அவுட்.

அந்த விதி பிள்ளைகளை இப்படி முடக்கிப்போடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விலங்கு என்றாலே சத்தம்தான். யானை பிளிறும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும், மயில் அகவும் என்று மரபுச் சொற்கள் பாடத்தில் வரிசையாக ஒப்பித்து மார்க் வாங்கிய பிள்ளைகள் அவர்கள். சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டதும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூத்தவளுக்குப் புலி வந்தது. இரண்டு கைகளிலும் நகத்தை வளைத்து, வாயைப் பிளந்து, முன்னால் ஓர் எட்டு வைத்தாள். சென்னைப் பையனுக்குச் சிங்கம் வந்தது. அவனும் நகத்தை வளைத்து, வாயைப் பிளந்து, ஓர் எட்டு வைத்தான். அடுத்து ஏழு வயதுக்காரியும் அதையே செய்தபோது எல்லோரும் சிறுத்தை, புலி, சிங்கம் என்று சொல்லிப் பார்த்துத் தோற்றார்கள். அவள் கையிலிருந்த சீட்டில் பூனை என்று இருந்தது. வீட்டுக்குள் தினமும் காலைச் சுற்றுகிற பூனை!

நாலு வயதுக்காரனின் கதை வேறு. அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பதால் டீச்சர் காதோடு சொல்வார். அவன் நேராக நடுவே வந்து நின்று, “நான் முயல்!” என்று அறிவித்துவிட்டுத்தான் குதிக்கவே ஆரம்பிப்பான். “சொல்லப்படாதுலே” என்று அக்கா தலையில் குட்டினாள். அடுத்த தடவை அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தான். கை வாயில் இருந்ததால் விலங்கைக் காட்ட வழியில்லை. ரகசியத்தை வைத்திருப்பதே அந்த வயதில் ஒரு தனி வேலை; விலங்கையும் சேர்த்துச் சுமக்கச் சொன்னால் எப்படி?

ஆட்டத்தின் போக்கை மாற்றியது எதிர்வீட்டுப் பையன். அவர்கள் வீட்டில் இரண்டு பசுவும் ஓர் எருமையும் உண்டு. அதிகாலையில் தொழுவைக் கூட்டிச் சாணி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவான். வற்புறுத்தி உள்ளே இழுத்துவந்து சீட்டு எடுக்கவைத்தார்கள். படித்துப் பார்த்தான். கொம்பு வைக்கவில்லை, வாலை ஆட்டவில்லை. தரையில் மடிந்து படுத்தான். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். பிறகு முன்கைகளை மடித்து முட்டிபோட்ட நிலையிலேயே வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் மேலே தூக்கினான். அந்த நிலையில் ஒரு கணம் நின்றான். அப்புறம்தான் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி எழுந்தான்.

யாருக்கும் புரியவில்லை. ஆச்சி மட்டும் விசிறியை நிறுத்திவிட்டு, “பசுமாடுலா” என்றார்.

“எப்படி ஆச்சி கண்டுபிடிச்சீங்க?” என்றான் சென்னைப் பையன்.

“மாடு அப்படித்தானடா எந்திரிக்கும்.”

“முன்னங்கால ஊனி எந்திரிச்சா அது குதிர” என்றான் எதிர்வீட்டுப் பையன், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு.

அவன் சொன்னது அப்படியே சரி. படுத்திருக்கும் மாடு முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தித்தான் எழும்; குதிரை முன்னங்கால்களை நீட்டி ஊன்றி, அப்புறம் பின்பக்கத்தை உந்தும். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் என்று வருடாவருடம் நடத்திய டீச்சருக்கு, மாடு எழும் விதத்தைப் பாடத்தில் எந்த இடத்தில் சேர்ப்பது என்று யோசித்தும் இடம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு இன்னொரு சுற்றில் ஆச்சியும் சீட்டு எடுத்தார். படித்துவிட்டு, அவசரமே இல்லாமல் மேல் பல்செட்டைக் கழற்றித் தம்ளரில் போட்டார். பொக்கையான மேல் ஈறுக்குக் கீழே தாடையைப் பக்கவாட்டில், ஒரே பக்கமாக, வட்டமடித்து அசைத்தார். கூரையே இடிந்து விழும்படி பிள்ளைகள் சிரித்தார்கள். “மாடு! மாடு!” என்றார்கள். ஆச்சி தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கண்களைப் பாதி மூடிக்கொண்டார். நாலு வயதுக்காரன் போய்த் தோளில் அடித்தான், அசையவில்லை. முதுகில் ஏறினான், அப்போதும் அசையவில்லை. “எரும” என்று எதிர்வீட்டுப் பையன் எழுந்து நின்றுவிட்டான். மாட்டுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, அந்த இடத்தில் தடித்த ஈறு மட்டும்தான் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் மறந்திருக்க முடியாது. டீச்சர் அடுத்த வருடம் வகுப்பில் இதைச் சொன்னபோது, பல்செட்டை மட்டும் தணிக்கை செய்துவிட்டார்.

சென்னைப் பையன் இதையெல்லாம் கொஞ்சம் பொருமலோடுதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விலங்குச் சேனல்களைப் பார்த்தே வளர்ந்தவன். சிவிங்கிப்புலியின் வேகம் தெரியும், நீலத்திமிங்கிலத்தின் நீளம் தெரியும். யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்பாது என்பதும் தெரியும். ஆனால் அந்த வேகத்தையும் நீளத்தையும் தார்சாவில் கொண்டுவந்து எப்படிக் காட்டுவது? அவன் குதிரையாக வந்தபோது இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, காலைப் பின்னால் உதைத்து அந்தரத்தில் பாய்ந்தான். வாழைப்பழத் தட்டில் போய் விழுந்தான். பழைய ஓவியங்களில் குதிரை அப்படித்தான் பறக்கும். 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதை நெடுகிலும் கேமராக்களை நிறுத்திப் படமெடுத்தபோதுதான், குதிரையின் நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் கணத்தில் கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருப்பதில்லை, வயிற்றுக்குக் கீழே சுருங்கி ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்று தெரிந்தது. டீச்சர் அந்தப் படவரிசையை அலமாரிப் புத்தகமொன்றில் தேடி எடுத்துக் காட்டினார். அத்தனை காலம் ஓவியர்கள் வரைந்தது தப்பு என்பதில் அவனுக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அவனிடமும் ஒரு சொந்தச் சிங்கம் இருந்தது. மறுபடி சிங்கம் வந்த அன்று அவன் நகத்தை வளைக்கவில்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். எப்போதாவது ஒரு காலை லேசாக உதறினான். ஒருமுறை ஈ விரட்டுவதுபோலத் தலையை அசைத்தான். நேரம் போயிற்று. நாய், பூனை, பன்றி, பாம்பு, பெரியப்பா என்று எல்லா விடையும் வந்தது. யாராலும் முடியவில்லை. “சிங்கம்” என்று எழுந்து உட்கார்ந்தான். ஒரே கூச்சல். “சிங்கம் எங்கடா தூங்குது?” என்று மூத்தவள் சண்டைக்கு வந்தாள். “வண்டலூர்ல தூங்குது. நான் போனப்போ பூரா தூங்கிட்டுத்தான் இருந்துச்சு” என்றான்.

டீச்சர் அவன் பக்கம் நின்றார். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூட ஓய்வில் கிடக்கக்கூடிய விலங்கு; உறுமுகிற சிங்கத்தைவிட உறங்குகிற சிங்கம்தான் உண்மைக்கு நெருக்கம். ஆனால் ஆட்டம் என்று பார்த்தால் அவன் தோற்றவன். தான் பார்த்ததை அவன் சரியாகத்தான் செய்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். மாடு எழுந்தபோது ஆச்சி இல்லாவிட்டால் எதிர்வீட்டுப் பையனுக்கும் இதே கதிதான். நகமும் பிளந்த வாயும் பொய்யென்றாலும் எல்லோருக்கும் பொதுவான பொய். அதனால்தான் அது ஜெயிக்கிறது. இந்தச் சிக்கலுக்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டுபிடிக்கப்பட்டால் முழு மார்க். யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போய், ஆடியவர் தான் காட்டியது உண்மை என்று நிரூபித்தால் அரை மார்க். மார்க்குகள் பழைய பரீட்சைத் தாளொன்றின் ஓரத்தில் ஏறத் தொடங்கின.

வண்டலூர் பேச்சு வந்ததும் ஆச்சிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மெட்ராஸ் போய் அவர் பார்த்தது வண்டலூருக்கு முந்தைய மிருகக்காட்சிசாலை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. ஊர்ப்பக்கத்து ஜனங்கள் அதை உயிர் காலேஜ் என்றும் எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். இரண்டு காலேஜும் ஒரு காலத்தில் ஒரே வளாகம்தான். 1855-இல் மியூசியத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைக்கத் தொடங்கியதில் பிறந்தது மிருகக்காட்சிசாலை. பின்பு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிங்கம் என்ன செய்தது என்று பேரன் கேட்டான். “யாருக்குத் தெரியும்? உங்க தாத்தா கூட்டத்துல தொலைஞ்சுபோயிட்டாவ. அவியளத் தேடுததுலயே பொழுது போச்சு” என்றார் ஆச்சி.

அரை மார்க் வந்த பிறகு பகல்பொழுதின் முகமே மாறியது. அதுவரை மத்தியானம் முழுக்க “போர் அடிக்குது” என்று காலைச் சுற்றிய பிள்ளைகள், இப்போது ஆளுக்கொரு மூலையில் எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொல்லை வேலியில் ஓணான் முன்னங்கால்களை ஊன்றித் தண்டால் எடுப்பதை மூத்தவள் எண்ணிக்கொண்டிருந்தாள். குருவி இரண்டு காலையும் சேர்த்துத் தத்துகிறது, மைனாவோ மனுஷரைப்போல் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடக்கிறது என்று ஏழு வயதுக்காரி கண்டுபிடித்து வந்து சொன்னாள். காக்கை இரண்டும் செய்கிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்கு ஒரே குழப்பம். கோடைமழை பெய்த ராத்திரி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈசலைப் பிடித்துத் தின்ற தேரையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவளும் அவளே. “அத்தை, அது முழுங்கும்போது கண்ணு உள்ள போவுது!” கண் சிமிட்டியிருக்கும் என்று அண்ணன்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. தவளையும் தேரையும் இரையை விழுங்கும்போது கண் விழிகளை உள்ளே இழுத்து, அவற்றாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. அன்று ராத்திரி அவள் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாக்கை நீட்டி மடக்கி, இரண்டு கண்களையும் இறுக்கி மூடி எதையோ விழுங்கிக் காட்டினாள். யாரும் கண்டுபிடிக்கக்கூடாது, அரை மார்க் தனக்கு வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

புறாவைப் பற்றி நடந்த விவாதம் இரண்டு சாயங்காலங்களைத் தின்றது. புறா நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டுகிறது என்பதுதான் எல்லோரும் செய்தது. எதிர்வீட்டு மாடியில் தானியம் போட்டு உட்கார்ந்து பார்த்த சென்னைப் பையன், தலை பின்னால் வருவதே இல்லை என்று சாதித்தான். தலை முன்னால் போகிறது, அங்கேயே நிற்கிறது, உடம்பு அதைத் தேடி வந்து சேர்கிறது, மறுபடி தலை முன்னால் போகிறது. அவன் நடந்து காட்டியபோது கழுத்து சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது. இந்த முறை அவன் சொன்னது முற்றிலும் சரி. நடக்கும்போது சுற்றிலும் உள்ள காட்சி ஓடாமல் நிலையாகத் தெரியத்தான் புறா தலையை அப்படி நிறுத்தி நிறுத்தி வைக்கிறது. 1978-இல் பாரி ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர் புறாக்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். காலடியில் தரை ஓடினாலும் கண்ணெதிரே காட்சி நகராததால் புறாவின் தலையாட்டம் நின்றுபோனது. டிரெட்மில்லில் நடக்கும் புறா என்றதும் பிள்ளைகளுக்கு ஆய்வெல்லாம் மறந்துவிட்டது. அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் அதைத்தான் ஆடினார்கள்.

மூத்தவள் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தாள். அதை ஆட்டத்தில் இறக்கியதும் வழக்கு வந்தது. மான் என்றால் மிருகசீர்ஷம், பாம்பு என்றால் சர்ப்பசீர்ஷம், மீனுக்கு மத்ஸ்யம், ஆமைக்குக் கூர்மம், பன்றிக்கு வராகம், கருடனுக்குக் கருடம். நின்ற இடத்தில் நின்றபடி கையை மட்டும் மாற்றிக்கொண்டே போனாள். ஒற்றைக் கை முத்திரைகள் மட்டும் 28 என்கிறது அபிநய தர்ப்பணம். அவளிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. “பெரியம்மா, இது சீட்டிங்! அவ கையால பேசுறா” என்றான் சென்னைப் பையன். “நாட்டியம் தெரிஞ்சா உனக்குப் புரியும், தெரியாதது என் தப்பா?” என்றாள் அவள். நியாயம் இருவர் பக்கமும் இருந்ததால் வழக்கு ஆச்சியிடம் போனது. ஆச்சி கொஞ்சம் யோசித்து, “கையி ஆடுனா போதாது, காலும் ஆடணும்” என்று தீர்ப்பு சொன்னார்.

அந்தத் தீர்ப்பு மூத்தவளுக்கு நல்லதாகவே முடிந்தது. மயில் வந்தபோது அவள் தோகை விரிப்பதாகக் கையை விரித்துவிட்டு நின்றிருக்கலாம். நாட்டிய வகுப்பில் அது போதும். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் மயிலுக்கா பஞ்சம்? தாத்தாவோடு காலையில் வயலுக்குப் போய்ப் பார்த்து வந்திருந்தாள். துண்டை முதுகுக்குப் பின்னால் விரித்துப் பிடித்து உடம்பெல்லாம் விடாமல் நடுங்கவைத்தாள். பிறகு எதிரே கற்பனையாக மேய்ந்துகொண்டிருந்த பெட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ஆண் மயில் அப்படித்தான் செய்கிறது. தோகையை விநாடிக்குச் சுமார் 25 முறை அதிரவைக்கிறது. இடையிடையே பெட்டைக்குப் பின்பக்கத்தைக் காட்டுகிறது. தோகை என்று நாம் சொல்வது வாலும் அல்ல. வாலுக்கு மேலே முதுகின் கடைசியில் முளைக்கும் நீண்ட இறகுகள். வால் அதற்குப் பின்னால் குட்டையாக நின்று முட்டுக்கொடுக்கிறது. பெட்டையாக நடித்த ஏழு வயதுக்காரி கடைசிவரை நிமிர்ந்தே பார்க்காமல் தரையைக் கொத்திக்கொண்டிருந்தாள். அதற்கும் அரை மார்க் கேட்டாள்.

நாய் எல்லோருக்கும் சுலபம் என்று நினைத்தார்கள். தெருவில் எத்தனை நாய்! ஆனால் முட்டிபோட்டு நாலுகாலில் நடந்தபோது ஒருவர்கூட நாயாகத் தெரியவில்லை. தவழும் குழந்தைகளாகத்தான் தெரிந்தார்கள். நாயின் பின்னங்கால் முட்டி பின்பக்கமாக மடங்குகிறது, மனுஷனால் முடியாது என்றான் சென்னைப் பையன். டீச்சர் அவனை எழுப்பி நிறுத்தி நுனிக்காலில் நிற்கச் சொன்னார். தரையை விட்டு உயர்ந்து நின்ற குதிகாலைத் தொட்டு, “இதான் நீ சொல்ற அந்த முட்டி” என்றார். நாய் நடப்பது விரல்களில். மேலே பின்னோக்கி வளைந்து தெரிவது அதன் குதிகால். நிஜமான முட்டி இன்னும் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் மடங்குகிறது. மாடும் ஆடும் இன்னும் ஒரு படி மேலே போய், நக நுனியான குளம்பில் நிற்கின்றன. உள்ளங்கால் முழுக்கத் தரையில் பதிய நடக்கிற பெரிய விலங்குகள் குறைவு. மனிதன் ஒன்று, கரடி ஒன்று.

அதனால்தானோ என்னவோ, மனிதர்கள் வேடம் போட்டு ஆடும் விலங்குகளில் கரடி எல்லா ஊரிலும் இருக்கிறது. ஷராட்ஸ் என்பது 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் சொல் விடுகதையாகப் பிறந்து, பிறகு இங்கிலாந்தின் பணக்கார வீடுகளில் நடித்துக் காட்டும் பொழுதுபோக்காக மாறிய சமாசாரம். 1847-இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலில்கூட விருந்தாளிகள் துணிமணி மாற்றிக்கொண்டு அதை ஆடுகிறார்கள். நெல்லைச் சீமைக்கு அந்தக் கடன் தேவைப்படவில்லை. கரடியாட்டம், புலியாட்டம், மயிலாட்டம் எல்லாம் இங்கே தெருவில் நடப்பவை. தசராவுக்கு குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டுகிறவர்களில் காளிக்கும் குறவனுக்கும் நடுவே கரடியும் குரங்கும் வரும். வேடத்தோடு வீடுவீடாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். எதிர்வீட்டுப் பையனின் தாய்மாமன் வருடாவருடம் கரடி வேடம் போடுகிறவர். அவன் கரடியாக வந்தபோது பாதத்தை உட்பக்கம் திருப்பி, தோளை ஆட்டி ஆட்டி வந்த நடையில் தார்சா கப்சிப்பென்று ஆனது. பாதி வழியில் நாலு வயதுக்காரனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நாலுகாலில் போனான். அதை மாமன் சொல்லிக்கொடுத்தாரா, பாபநாசம் பக்கம் ஊருக்குள் கரடி இறங்கிய செய்திகளைப் பார்த்துக் கற்றானா என்று தெரியாது. நம் காட்டுக் கரடி குட்டிகளை முதுகில் சுமந்துதான் போகும். கரடி இனங்களில் அதை வழக்கமாகக் கொண்டது அதுதான்.

யானை வந்தது நாலு வயதுக்காரனுக்கு. இதற்குள் வாயைப் பொத்தாமலே ரகசியம் காக்கப் பழகியிருந்தான். ஒரு கையால் மூக்கைப் பிடித்து அதன் இடுக்கில் மறு கையை விட்டுத் துதிக்கை செய்யும் வழக்கமான வித்தையை அவன் செய்யவில்லை. வலது கையைத் தொங்கவிட்டான். ஒவ்வொருவர் முன்னாலும் போய்த் தலையில் அந்தக் கையால் தட்டினான். தட்டிவிட்டுக் கையை விரித்து நீட்டினான். ஆச்சி இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து காசு எடுத்து வைத்ததும், பின்னால் நின்ற அக்காளிடம் கொடுத்துவிட்டு அடுத்த தலைக்குப் போனான். பாகனாக அக்காளை அவனே நியமித்திருந்தான். கேட்க வேண்டுமா, எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவன் பார்த்த யானை கோயில் யானை. அது ஆசீர்வதிக்கும், காசு வாங்கும், பாகனிடம் கொடுக்கும். அதற்குத் தந்தமும் இல்லை. ஆசியப் பெண் யானைக்கு வெளியே நீண்ட தந்தம் வளராது.

இன்னொன்றும் செய்தான். காசு வாங்கும் இடைவெளியில் கால்களை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருந்தான். யானை ஆடிக்கொண்டே இருக்கும் என்று அவன் நம்பினான். பார்த்தவர்களும் தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். டீச்சர் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. முழு மார்க் போட்டார். பெரிய பிள்ளைகளிடம் மட்டும் பிறகு சொன்னார்: காட்டில் யானை நாளின் பெரும்பகுதியைத் தீனி தேடி நடப்பதிலேயே கழிக்கும், வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தீனி வேண்டும். ஒரே இடத்தில் கட்டிப்போட்ட யானைதான் அப்படி நின்ற வாக்கில் அசைந்துகொண்டிருக்கும். மூத்தவள், “அப்போ அவன் காட்டுனது யானையே இல்லையா அத்தை?” என்று கேட்டாள். “யானைதான். சங்கிலியையும் சேர்த்துக் காட்டிட்டான்” என்றார் டீச்சர்.

விடுமுறை முடியப்போகும் நேரத்தில் மார்க் பட்டியலில் எதிர்வீட்டுப் பையன் எட்ட முடியாத உயரத்தில் இருந்தான். இரண்டாம் இடத்துக்குத்தான் அடிதடி. அப்போதுதான் அக்காளும் தம்பியும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஒரு சீட்டுக்கு ஒரே ஆள்தான் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லையே. நாலு வயதுக்காரன் இடுப்பில் ஒரு துண்டைப் பின்னால் வால்போல் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி, கைகால்களை அகல விரித்து நின்றான். அசையவே இல்லை. தலையை மட்டும் சட்டென்று திருப்பினான், மறுபடி உறைந்தான். பல்லி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்வதற்குள் ஏழு வயதுக்காரி பின்னால் வந்து அந்தத் துண்டைப் பிடித்தாள். அவன் துண்டை அவள் கையில் விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் ஓடி மறைந்தான். அவள் துண்டைத் தன்மேல் போர்த்திக்கொண்டு தரையில் விழுந்து துள்ளத் தொடங்கினாள். சுருண்டாள், விரிந்தாள், உருண்டாள், நின்றாள், மறுபடி துள்ளினாள். பல்லி போய்விட்டது. வால் மட்டும் தார்சாவின் நடுவே கிடந்து துடித்தது.

டீச்சர் இதைப்போல் ஒன்றைப் பார்த்ததில்லை. பல்லியின் வால் முதுகெலும்புக் கணுக்களிலேயே முறிவதற்கென்று இருக்கும் இடத்தில் முறிகிறது. அந்த இடத்துத் தசை சுருங்கி ரத்தம் போகாமல் பார்த்துக்கொள்கிறது. விழுந்த வால் சில நிமிடங்கள் துடித்து எதிரியின் கவனத்தைத் தன்பக்கம் இழுக்க, பல்லி தப்பிவிடுகிறது. பிற்பாடு முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புக் குழல்தான். இதையெல்லாம் ஒரு வகுப்பு முழுக்கப் படம் போட்டு நடத்தினாலும், எல்லாக் கண்களும் வாலின்மேல் இருக்க பல்லி தப்பித்துப் போய்விடுவதை அந்த இரண்டு பேர் காட்டியதுபோல் காட்ட முடியாது. தார்சாவிலிருந்த ஒருவர்கூடத் தம்பி எங்கே போனான் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அடுப்பங்கரையில் அதிரசத்தைத் தின்றுகொண்டிருந்தான்.

பிரச்சினை மார்க்கில் வந்தது. பல்லி என்று கண்டுபிடித்தாகிவிட்டது, எனவே முழு மார்க் பல்லிக்கு, அதாவது தம்பிக்கு என்றான் சென்னைப் பையன். வால் இல்லாமல் பல்லி ஏது என்றாள் ஏழு வயதுக்காரி. வாலை யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஆகவே அதற்கு அரை மார்க்தான் என்று மூத்தவள் சட்டம் பேசினாள். ஆச்சி, ஓடிப்போனவனுக்கு எதற்கு மார்க், கிடந்து துடித்தவளுக்குக் கொடு என்றார். தம்பி வாயெல்லாம் வெல்லப் பிசுக்கோடு வந்து அழுதான். டீச்சர் ஆளுக்கு முக்கால் என்று சமாதானம் பேசினார், இருவருமே ஏற்கவில்லை.

பரீட்சைத் தாளின் ஓரத்தில் அந்த இடத்துக்கு நேரே இன்னும் ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து கல்லூரி, வேலை என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு பல்லிப் படத்தைப் போட்டால் போதும், வழக்கு அன்று ராத்திரிவரை நடக்கும். வாலாகக் கிடந்தவள் இப்போது சட்டம் படிக்கிறாள். ஆச்சியின் தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டுகிறாள். நீதிபதிக்கு வாதியிடம் தனிப்பிரியம் இருந்தது, அந்தத் தீர்ப்பு செல்லாது என்று தம்பி மேல்முறையீடு செய்திருக்கிறான்.